பூஜையில் வைத்த பிளேடு

கீழக்குயில்குடி
28.10.2004

அன்பு மகன் தமிழ்மாறனுக்கு அப்பா கருப்பு எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அம்மா, தங்கச்சி சரண்யா மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்தச் சார்ஜா வெயிலில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்தாலும் நீ கை கால் சுகத்தோடு இருக்க நம் அய்யனார் துணை. முந்தாநாள் போனில், தைக்குள் வந்துவிடுகிறேன், கம்பெனியில் விலகல் கடிதம் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னாய். நானும் சரி சரி என்று தலையாட்டினேன். அப்போதே எனக்கு வேலை போய் நாலு நாள் ஆகியிருந்தது, உனக்குப் பேசி வைத்திருந்த வேலையும் போய்விட்டது. கடைப் போனைச் சுற்றி ஆள் நிற்கும்போது சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். விலகல் கடிதம் கொடுக்காதே ஐயா. கொடுத்துவிட்டால் யார் காலில் விழுந்தாவது திரும்ப வாங்கிவிடு.

நடந்ததைச் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் நல்ல மழை. நான் கண்ணாடி துடைக்கும் கார் ஷோரூமில் பூஜைக்கென்று வாசல் முழுக்க சீரியல் லைட் போட்டிருந்தார்கள், பக்கத்துக் கண்மாய்க் கரையில் இருந்த ஈசல் மொத்தமும் கிளம்பி வந்து முன்பக்கக் கண்ணாடியில் அப்பிக்கொண்டது. காலையில் துடைக்கலாம் என்று போனால், சூப்பர்வைசர் உக்கிரபாண்டி வாளி, வைப்பர், கண்ணாடி சுரண்டும் பிளேடு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் அடுக்கிவிட்டான். அண்ணே, இன்னைக்கு எந்தச் சாமானையும் தொடக் கூடாது, அதுக்கும் ஒருநாள் ஓய்வு வேணும்ல என்றான். அவனைக் குற்றம் சொல்லவில்லை, நம் வீட்டிலும் அன்றைக்கு அரிவாளைத் தொடுவோமா? ஆனால் அன்று அடித்த வெயிலில் அப்பிய ஈசலெல்லாம் கண்ணாடியில் பெயிண்ட் மாதிரி இறுகிவிட்டது.

மறுநாள் விஜயதசமி, நல்ல நாள் என்று பதினோரு கார் டெலிவரி, முதலாளி குடும்பத்தோடு வருகிறார். நீ சொல்லிக்கொடுத்தபடிதான் செய்தேன். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைக் கறைமேல் ஒட்டிப் பத்து நிமிடம் ஊறவிட்டேன், ஈரம் காயும் முன்னே பிளேடைச் சாய்த்துப் பிடித்து ஒரே பக்கமாகத் தள்ளினேன். ஒன்றில்தான் புத்தி கெட்டுப் போனேன். சட்டைப்பையில் பிரிக்காத புதுப் பிளேடு இருந்தது. பூஜையில் வைத்ததை எடுத்துத்தானே முதல் வேலையைத் தொடங்க வேண்டும் என்று, ஒரு நாள் முழுக்க ஈரச் சந்தனம் பூசிக் கிடந்த பழைய பிளேடைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்தேன். சாமி வைத்த பொட்டைக் கழுவவும் மனசு வரவில்லை. அதற்கடியில் துரு பூத்திருந்தது எனக்கு எங்கே தெரியும். ஈரமாக இருக்கும்வரை கீறல் கண்ணுக்குப் படாது என்பது உனக்குத் தெரியாததா? மூன்றாவது கண்ணாடியை முடித்துவிட்டுத் திரும்பினேன், முதல் கண்ணாடி காய்ந்து வெயில் பட்டு, மேலிருந்து கீழ்வரை பூனை பிராண்டியது போல் கோடு கோடாக மின்னியது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. முதலாளி குடும்பத்தோடு வந்து இறங்கியதும் அதைத்தான் முதலில் பார்த்தார்.

முதலாளி சத்தம்கூடப் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கோபம் ஆறியதும் கூப்பிடுவார் என்றாவது இருந்திருப்பேன். வெளிக்கேட்டைப் பார்த்துக் கையைக் காட்டினார், வேலை போய்விட்டது. நான் வெட்கத்தை விட்டு, என்னைய விடுங்க முதலாளி, மாட்டுத்தாவணில கட்டுற புதுக் கட்டடத்துக்கு என் மகன எடுத்துக்கிறேன்னு சொன்னீங்களே, அத மட்டும் மறந்துராதீங்க என்று கேட்டேன். அப்பனுக்கே பிளேடு பிடிக்கத் தெரியல, மகன் வந்து என்னத்தக் கிழிக்கப் போறான் என்றார். என்னைச் சொன்னது போகட்டும். இருபது மாடி உயரத்தில் தொங்கி வேலை பார்க்கிற உன்னைச் சொன்னாரே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. எனக்கு வேலை சொல்லித் தந்தவனுக்கு நானே கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துவிட்டேன். நேற்று உக்கிரபாண்டியைப் பார்த்தேன், அந்த வேலைக்குச் சென்னை ஆட்களை வைத்தாயிற்றாம். ஆரப்பாளையத்தில் வேலை கேட்டு லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினேன், ஐம்பத்தெட்டு வயசு ஆளை ஏணியில் ஏற்ற எவனுக்கும் மனசு வரவில்லை. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பது நம்மைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள் போல. இனி இந்த ஊரில் நமக்கு ஏதாவது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உன் அம்மாவுக்கு என் வேலை போனது தெரியும். நீ வரப்போவதில்லை என்பது தெரியாது. மாறன் வந்துட்டா எல்லாம் சரியாயிரும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு, உனக்கென்று இரண்டு சேவலுக்குக் காலில் சிவப்புத் துணி கட்டி விட்டிருக்கிறாள். சரண்யா பன்னிரண்டாவது நன்றாகப் படிக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, கயிற்றுக் கொக்கியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கு. நீ நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த முறை போன் பண்ணும்போது, லீவு கிடைக்கவில்லை, இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்று அம்மாவிடம் நீயாகச் சொல்வதுபோல் சொல்லிவிடு. அவள் அழுவாள். நான் பக்கத்தில் நின்று, பெத்தவங்க நினைப்பே இல்லாத பய என்று அவளுக்குக் கேட்க உன்னைத் திட்டுவேன். மனசில் வைத்துக்கொள்ளாதே ஐயா.

இப்படிக்கு
உன் அப்பா
க. கருப்பு