அலுமாரிக்குள் வைத்த கணினி

8 ஒக்டோபர் 2006

மழை வரும் வரும் என்று நாள் முழுக்க இருட்டிக்கொண்டு நின்றது. வரவில்லை. மின்சாரம் மட்டும் போய் வந்து, போய் வந்து கொண்டிருந்தது.

கணினி இன்று உயிர் பெற்றுவிட்டது. நானும் றம்ஸியாவும் ஒவ்வொரு பாகமாகத் தேடிச் சேர்த்துப் பூட்டிய பெட்டி. றம்ஸியா கம்பஸில் என்னோடு படித்தவள், கிண்ணியாக்காரி. இப்போது டவுனில், அவள் 'காக்கா' என்று கூப்பிடும் முத்தலிப் அண்ணனின் கணினிக் கடையில் வேலை. கடைசி ஆணியை முறுக்கிவிட்டு, "குணேஸ், புள்ள அழுதிட்டு. இனிப் பால் குடுக்கிறது ஒண்ட வேலை" என்றாள்.

அதை வைத்த இடம் அப்பாவின் யோசனை. ஓகஸ்ட்டில் டவுனில் செல் விழுந்து வெடித்த கிழமை, கூடத்தில் கடலைப் பார்த்திருந்த யன்னலைப் பெரிய அலுமாரியை நகர்த்தி அடைத்தார். இப்போது அதே அலுமாரியின் அடித்தட்டுக் கதவைக் கழற்றி, கணினிப் பெட்டியை உள்ளே இறுக்கமாகத் தள்ளியிருக்கிறார். முகம் மட்டும் வெளியே தெரிகிறது. வயர்கள் அலுமாரியின் பின்பலகையில் ஓட்டை போட்டு, பக்கத்தால் சுற்றி மேசைக்கு வருகின்றன.

"கண்ணாடி உடைஞ்சு பறந்தாலும் இதுக்கு ஒண்டும் ஆகாது" என்றார்.

மறுத்துப் பேச வாய் வரவில்லை. எப்போதுதான் வந்திருக்கிறது?

அப்பா, குடாவைக் கடந்து மூதூருக்கு ஆளேற்றும் லோஞ்சுப் படகில் எஞ்சின் பார்த்தவர். லோஞ்சு இப்போது ஓடுவதில்லை. யன்னல் அடைத்த நாளிலிருந்து அவர் கடலைப் பார்ப்பதும் இல்லை. வாசலில் கதிரை போட்டு இருந்தாலும் முகம் ரோட்டுப் பக்கம்தான்.

11 ஒக்டோபர்

ஞானசேகரம் சேர் வந்தார். கம்பஸில் எங்களுக்குப் பௌதிகம் படிப்பித்தவர். கையில் ஒரு சிறிய ஹாட் டிஸ்க், கைக்குட்டையில் சுற்றி. சமாதான காலத்தில் ஓர் ஆய்வுக் கப்பல் கொட்டியாரக் குடாவில் நீருக்கடியில் பதிவு செய்த ஒலிகள் அதற்குள் இருக்கின்றன. நீலத் திமிங்கிலங்களின் குரல்.

"அடுத்த மாதம் பதினைஞ்சில நான் கொழும்புக்குப் போகேக்க இதையும் கொண்டு போகோணும். அதுக்குள்ள பிரதி எடும். பிறகு ஆறுதலா அளந்து, ஒரு பத்துப் பக்கம் எழுதி அனுப்பும். நோர்வேயில மேல்படிப்புக்கு இடம் கிடைக்கும் எண்டு நான் சொல்லேல்லை. கேட்டுப் பாக்கலாம் எண்டுதான் சொல்லுறன்."

தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டில் "சேரின்ர வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கம்பஸ் போன முதல் ஆள் நான். அதையே அம்மா இன்னும் ஊருக்குச் சொல்லி முடிக்கவில்லை. இதை எப்படிச் சொல்வது?

திமிங்கிலத்தின் குரல் மனிதக் காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்ததாம். பதிவைப் பத்து மடங்கு வேகமாக ஓடவிட்டால்தான் கேட்கும். அப்படியென்றால் சிறு வயதில் யன்னலடியில் படுத்திருந்த எத்தனை பின்னேரங்களில் அவை என்னைக் கடந்து போயிருக்கும்!

12 ஒக்டோபர்

டிஸ்கை முன்பக்க போர்ட்டில் செருகினேன். திரையின் மூலையில் ஒரு மஞ்சள் குமிழ் எழும்பியது: இதைவிட வேகமான போர்ட்டில் செருகினால் இது விரைவாக வேலை செய்யும் என்று. ஆனால் இந்த மதர்போட்டில் உள்ளவை எல்லாமே வேகமான போர்ட்டுகள்தானே?

ஒரு நாள் பதிவு ஒரே கோப்பு. அது முக்கால்வாசி வந்தபோது மின்சாரம் நின்றது. திரும்பவும் தொடக்கத்திலிருந்து. இந்த வேகத்தில் போனால் சேர் புறப்படும் நாளில் என்னிடம் கால்வாசிகூட இருக்காது.

15 ஒக்டோபர்

போர்ட்டின் டிரைவர் மென்பொருளை மாற்றினேன். விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்த திருத்தங்கள் எல்லாம் றம்ஸியா தந்த சிடியிலிருந்து போட்டேன். கணினி எழும்பும்போது வரும் நீலத் திரைக்குள் போய், 'முழு வேகம்' என்றிருந்ததை 'உயர் வேகம்' என்று மாற்றினேன். முழு வேகத்துக்கு மேலே ஒரு வேகம் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

மஞ்சள் குமிழ் திரும்பவும் எழும்பியது. ஒரு மீன் வாய் திறந்து மூடுவது போல.

றம்ஸியாவின் கடைக்கு டிஸ்கைக் கொண்டு போகலாம்தான். ஆனால் வரும்போதே சேர் ஒவ்வொரு சோதனைக் கடவையிலும் கைக்குட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. கடலடி ஒலி என்று எந்தச் சிப்பாய்க்கு எந்தப் பாஷையில் விளக்குவது? நான் அங்கேயே ஊமையாகி நிற்பேன்.

19 ஒக்டோபர்

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன்.

திமிங்கிலக் குரலை அளக்கச் சேர் தந்த மென்பொருள் பழைய விண்டோஸ் 98இல் மட்டும்தான் ஓடும். டிஸ்கைப் படிப்பதோ எக்ஸ்பி மட்டும். இரண்டும் வேண்டும் என்று 98ஐயும் அதே கணினியில் போட்டேன். முடிந்து எழும்பியபோது 98 மட்டும் சிரித்துக்கொண்டு வந்தது. எக்ஸ்பி இருந்த சுவடே இல்லை. எதைத் தொடங்கட்டும் என்று கேட்கவும் இல்லை. பிரதி எடுத்த கோப்புகள், என் குறிப்புகள் – எல்லாம் போச்சோ? ஐயோ, நான் ஏன் ஒரு சொல் கேட்காமல் தொட்டனான்?

அம்மா வந்து பார்த்தா. "என்ன பிள்ளை, முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?"

"தலையிடி."

20 ஒக்டோபர்

றம்ஸியாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சிரித்தாள், சிரித்தாள், நிறுத்தவே இல்லை.

"அடி விசரி! பழச முதல்ல போடணும், புதுச பிறகு போடணும். மூத்தவள் வீட்டில இருக்க இளையவளுக்குக் கலியாணம் முடிச்சா மூத்தவள் சும்மா இருப்பாளா? வாசலப் பூட்டிட்டு நிக்கிறாள்."

"அப்ப இளையவள் செத்துப் போனாளோ?"

"சாகல்ல. உள்ளதான் இருக்கிறாள். கதவ மட்டும் திறந்து விடு."

எக்ஸ்பி சிடியைப் போட்டு, அவள் சொல்லச் சொல்ல இரண்டு வரி தட்டினேன். கணினி எழும்பியது. கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, யாரை எழுப்பட்டும் என்று கேட்டுக்கொண்டு. எல்லாக் கோப்புகளும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அந்தப் பெயர்களை விரும்பியபடி மாற்றி எழுதலாமாம். யாரும் தெரிவு செய்யாவிட்டால் சற்றுப் பொறுத்துத் தானாகவே ஒன்றை எழுப்பும். அதையும் நாம்தான் சொல்லி வைக்கலாம்.

24 ஒக்டோபர்

கனவில் அலுமாரிக்குப் பின்னால் கடல் இருந்தது. பின்பலகை ஓட்டையால் ஒரு கண் என்னைப் பார்த்தது.

29 ஒக்டோபர்

பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது.

கேசிங்கின் முன்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். முன்பக்க போர்ட்டில் இருந்து உள்ளே போகும் வயர் நூல் போல மெல்லியது. முனைகளில் பச்சை பூத்திருக்கிறது. உப்புக்காற்று. ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். பச்சை போனது, வேகம் வரவில்லை. இந்த வயரால் வேகமாகப் பேச ஏலாது. அதனால் இரண்டு பக்கமும் மெதுவாகப் பேசிக்கொள்கின்றன. பின்பக்க போர்ட்டுகள் மதர்போட்டிலேயே நேராகப் பொருத்தியவை. அவற்றுக்கு இந்த வயர் தேவையில்லை.

பின்பக்கம் அலுமாரிக்குள், பின்பலகை ஓட்டையால் போன வயர்கள் பெட்டியை முன்னால் இழுக்க விடாது. அலுமாரி யன்னலோடு.

பின்னேரம் அப்பாவிடம் கேட்டேன். கேட்க முன்பு மூன்று தரம் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

"வேற என்னத்தையெண்டாலும் கேள் பிள்ளை. அலுமாரி அதில நிக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இரண்டாவது முறை கேட்டிருப்பேனோ என்னவோ.

3 நவம்பர்

வாடைக்காற்று தொடங்கிவிட்டது. கடல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதன் சத்தம் சுவரை நனைக்கிறது. மின்சாரம் இருந்த நேரத்தில் ஒரு கோப்பின் பாதி.

சேருக்கு 'என்னால் முடியவில்லை' என்று எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள சேர்' வரை எழுதினேன்.

6 நவம்பர்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் மின்சாரம் நிற்காமல் இருந்ததில் ஒரு நாள் பதிவு முழுதாக வந்தது. 98ஐ எழுப்பி அதை ஓடவிட்டேன். வேகத்தைக் கூட்ட மறந்துவிட்டேன். பத்து மடங்கில் கேட்டால் திமிங்கிலம் பெருமூச்சு விடும். இடையிடையே கொசு போல ஓர் இரைச்சல் கடந்து போகும். அதை இரைச்சல் என்றே குறித்து நீக்கிக்கொண்டு வந்தேன். இன்று உண்மையான வேகத்தில் திமிங்கிலம் இல்லை. கொசுவும் இல்லை. கொசு இருந்த இடத்தில், ஸ்பீக்கரில் டப், டப், டப் என்று ஒரு கனத்த துடிப்பு மட்டும் நெருங்கி வந்தது.

கிணற்றடியில் நின்ற அப்பா ஈரக் கையோடு, வாளியோடு உள்ளே வந்தார்.

"ஆர் ஸ்டார்ட் பண்ணினது?"

"என்னப்பா, வீடு முழுக்கத் தண்ணி!" என்று அம்மா கத்தினா.

"பொறும்." வாளியை வைக்கவும் மறந்து நின்றார். "இது எங்கட லோஞ்செல்லோ. கேளும், ரெண்டாவது சிலிண்டர் தட்டுது. நான் சொல்லச் சொல்லப் பாட்ஸ் வாங்கித் தராமல் விட்டவங்கள்." பிறகு துடிப்பு ஒரு கணம் இடறியது. அப்பா சிரித்துவிட்டார். "பார், அருளம்பலம் கியரைப் போடுறான். டக்கெண்டு. கழுதை, எத்தினை தரம் ஏசினனான்!"

அருளம்பலம் மாமா லோஞ்சின் சுக்கான் பிடித்தவர். ஓகஸ்ட்டில் மூதூர்ப் பக்கம் சண்டைக்குள் அகப்பட்டவர். இன்னும் ஒரு செய்தியும் இல்லை.

துடிப்பு மெலிந்து தூரத்தில் மறைந்தது. பதிவை நிறுத்தினேன்.

"மிச்சம் எங்கை?"

"டிஸ்கில இருக்கு. முன்னுக்கு இருக்கிற போர்ட்டால நேரத்துக்கு வராது அப்பா. பின்னுக்கு இருக்கிறதாலதான் வரும்."

அவர் அலுமாரியைப் பார்த்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

7 நவம்பர்

விடிந்து எழும்பி வந்தபோது அலுமாரியின் மேல்தட்டு வெறுமையாக இருந்தது. என் புத்தகங்கள், அம்மாவின் கூறைச்சேலை, பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் பாயில். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அவர் லோஞ்சின் சத்தத்துக்காக அலுமாரியைத் தள்ளுகிறார். நான் எதற்காக என்று அவருக்குத் தெரியாது. பேசாமல் இருந்துவிடலாம். பேசாமல் இருப்பதுதான் எனக்கு நன்றாக வரும்.

"அப்பா, இது முழுக்க வந்தால் நான் அளந்து அனுப்புவன். அனுப்பினால் இடம் கிடைக்கலாம். கிடைச்சால் – நான் போயிடுவன்."

"எங்கை?"

"நோர்வேக்கு."

குசினியில் அம்மாவின் கையிலிருந்து ஏதோ விழுந்தது. "நோர்வேயோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை! அலுமாரியோட சேத்து என்னையும் தூக்கி ஒரு மூலையில வையுங்கோ!"

அப்பாவின் கை அலுமாரி மூலையில் அப்படியே இருந்தது.

"அங்கையும் கடலோ?"

"ஓம்."

"அந்தப் பக்கத்தைப் பிடி. கால் கவனம்."

யன்னல் கொண்டி துருப்பிடித்து இறுகியிருந்தது. தட்டித் தட்டித் திறந்தார். காற்று ஒரு பாய்ச்சலாக வந்து பாயில் கிடந்த புத்தகங்களைப் புரட்டியது. உட்துறைமுகம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கடற்படைப் படகு ஒன்று. லோஞ்சுகள் கட்டும் இறங்குதுறையில் ஒன்றும் இல்லை. அப்பா யன்னலுக்கு வரவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

8 நவம்பர்

பின்பக்கத்தில் செருகினேன். மஞ்சள் குமிழ் வரவில்லை. பச்சைக் கோடு மழைத் தண்ணீர் போல ஓடியது. ஒரு நாளின் கடல், அம்மா தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் வந்து சேர்ந்துவிட்டது. றம்ஸியாவுக்குச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ். இனியாவது அந்தப் புள்ளய அலுமாரிக்குள்ள வளக்காதீங்க" என்றாள்.

15 நவம்பர்

டிஸ்கைச் சேர் கொண்டு போனார். எல்லாம் என்னிடம் இருக்கிறது.

4 ஏப்ரல் 2007

நோர்வேயில் இடம் கிடைத்துவிட்டது. அம்மா அழுதா. அப்பா, "குளிருக்கு உடுப்பு இஞ்சை வாங்கேலுமோ?" என்று கேட்டார்.

12 ஓகஸ்ட்

நாளை புறப்படுகிறேன். சூட்கேஸ் மூடவில்லை, ஆனால் கணினி வேலையை முடித்துவிட்டேன்.

அப்பாவுக்கு மவுஸ் பிடிக்க வராது. அதனால் 98 எழும்பியதும் பதிவு, அன்று அவர் கேட்ட லோஞ்சுப் பகுதியிலிருந்து உண்மையான வேகத்தில் தானாக ஓடும்படி செய்திருக்கிறேன். கறுப்புத் திரையில் முதல் வரியை அழித்து ஆங்கில எழுத்தில் 'அப்பா' என்று எழுதினேன். ஒன்றையும் அமத்தாமல் இருந்தால் அது தானாகத் தொடங்கும். சுவிச்சை மட்டும் போட வேண்டும்.

இரண்டாவது வரி எக்ஸ்பி. றம்ஸியா வந்து என் மின்னஞ்சல்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாளாம்.

18 நவம்பர், பேர்கன், நோர்வே

இங்கேயும் நாள் முழுக்க மழை. ஆய்வுக்கூடத்தில் என் பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். லோஞ்சின் பகுதியை நீக்கவில்லையே என்று கேட்டார்கள். நீக்கலாம், பிறகு என்றேன். என் குரல் எனக்கே கேட்டது.

பின்னேரம் அம்மாவின் அழைப்பு. டவுனில் திரும்பவும் செல் சத்தமாம். "அலுமாரியைத் திருப்பி வைப்பம் எண்டு சொன்னனான். வேண்டாமாம். அது இப்ப உன்ர அறையில, உன்ர கட்டில் கிடந்த இடத்தில நிக்குது."

"அப்பா?"

"அவருக்கென்ன. காலமை மேசையில கணினிச் சுவிச்சைப் போட்டிட்டு யன்னலடியில கதிரையைப் போட்டு இருந்திடுவார். இண்டைக்கு எஞ்சின் கொஞ்சம் இறுக்கமாக் கிடக்காம். அதே பாட்டுத்தானேயப்பா எண்டால், உமக்கு விளங்காது எண்டுறார்." பிறகு குரலைத் தாழ்த்தினா. "ஆனால் ஒருநாளும் முடியமட்டும் கேக்கிறேல்லை, பிள்ளை. லோஞ்சு தூரப் போய்ச் சத்தம் மெலியத் தொடங்கேக்க எழும்பிப் போய் நிப்பாட்டிப் போடுவார்."

அந்தப் பதிவில் லோஞ்சு போய் மறைந்த பிறகுதான் திமிங்கிலம் கூப்பிடும். அந்த வேகத்தில் அது அவருக்கு எப்படியும் கேட்காது.

அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.