பால்மாவு டின்னில் நட்ட ஆலங்குச்சி

இன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் ஆலமரத்தில் இரண்டு இலைகளைக் கிள்ளினேன். காம்பிலிருந்து வடிந்த பால் விரலில் ஒட்டியது. சோப்புப் போட்டும் போகவில்லை. பேருந்தில் கம்பியைப் பிடித்தபோது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. உன்னிடம் காட்டலாம் என்று பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மரம் என்றால் நீ சிரிப்பாய். ஒரு சாண் உயரம்தான். தண்டு பென்சில் கனத்துக்கு வந்திருக்கிறது. செம்புக் கம்பி சுற்றி ஒரு பக்கமாக வளைத்திருக்கிறேன். தட்டையான மண் தட்டு ஒன்றுக்கு மாற்றிவிட்டேன். ஒன்றரை வருடத்தில் எனக்குத் தெரிந்த போன்சாய் இவ்வளவுதான்.

கல்லூரியின் கடைசி வருடம் அது. சைக்கிள் ஸ்டாண்டு சுவரின் விரிசலில் முளைத்திருந்த ஆலங்கன்றிலிருந்து பிளேடால் ஒரு கிளையை அறுத்தாய். கைப்பேசியில் பார்த்த வீடியோவைத் தவிர நம் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. கிளையை இரண்டாக்கி, கொழுந்து இருந்த பாதியை நீ எடுத்துக்கொண்டாய். "மீன் மாதிரி பங்கு போட்டாச்சு. தல எனக்கு, வாலு உனக்கு" என்றாய். உன் அண்ணன், நீ நானா என்று கூப்பிடுகிறவர், துபாயிலிருந்து கொண்டு வந்த பால்மாவு டின்கள் இரண்டில் ஆணியால் ஓட்டை போட்டோம். எது யாருடையது என்று குழம்பாமலிருக்க உன் டின்னில் மட்டும் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாய்.

மணலையும் நீதான் உங்கள் ஊரான பட்டினத்திலிருந்து பையில் சுமந்து வந்தாய். உங்கள் புது வீட்டு வேலைக்கு இறக்கிய ஆற்று மணல். எங்கள் வாசலில் இல்லாத மணலா, எதற்குச் சுமக்கிறாய் என்று கேட்டேன். "உங்க ஊரு மணல்ல கருவாடுதான் காயும், ஊமச்சி. அதுல உப்பு" என்றாய். நான் அதிகம் பேசாததால் நீ எனக்கு வைத்த பேர் அது. பேருந்தில் எனக்கும் சேர்த்து நீதான் டிக்கெட் கேட்பாய். ஆபீஸ்களில் எனக்கும் சேர்த்து நீதான் வாய் திறப்பாய். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். கவுன்ட்டரைக் கண்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எனக்குப் பொறுமையும் இல்லை. முதல் வாரத்திலேயே என் குச்சியை இரண்டு முறை பிடுங்கி, வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்தேன். நீ கண்டுபிடித்துவிட்டாய். "உங்கப்பா வலைய போட்டுட்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் தூக்கிப் பாப்பாரா? நோண்டாதடி."

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது, விடவில்லை. புதுச்சேரிக்கு உன்னை அழைத்துப் போன கார், எங்கள் ஊர் கிளிஞ்சல்மேட்டுக்குச் சாலை பிரியும் இடத்தில் எனக்காக நின்றது. கண்ணாடியை இறக்கி உன் டின்னைக் கொடுத்தாய். உன் கை சுட்டது. "பத்து நாளு. தண்ணி ஊத்து. நோண்டாத." உன்னை நான் கடைசியாகப் பார்த்தது அந்தக் கார் ஜன்னலில்.

ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் போன் செய்தாய். ஒவ்வொரு நாளும் உன் குரல் கொஞ்சம் தள்ளிப்போனது. ஆறாம் நாள், எதுவும் விசாரிக்காமல், "வேர் வந்துச்சா?" என்று மட்டும் கேட்டாய். அந்தக் குரலிடம் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரு என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். உன் குச்சியைப் பிடுங்கினேன்.

மூன்று வேர்கள் இருந்தன. வெள்ளை வெளேரென்று, நெல்மணி நீளத்துக்கு. என் அவசரத்தில் ஒன்று முறிந்தது. டின் சாய்ந்து மணல் கொட்டிப்போனது.

"வந்துருச்சு. மூணு."

"புடுங்கிப் பாத்தியா?"

"இல்ல."

"அப்புறம் மூணுன்னு எப்படித் தெரியும்?"

"டின் ஓட்டையில தெரிஞ்சுச்சு."

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாக மாறியது. யாரோ போனை வாங்கி வைத்துவிட்டார்கள். உன்னிடம் நான் கடைசியாகச் சொன்னது அந்தப் பொய். நீ நம்பிச் சிரித்தாயா, கண்டுபிடித்துச் சிரித்தாயா என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குச்சியைத் திரும்ப நட மணல் வேண்டியிருந்தது. பதற்றத்தில் வாசலிலிருந்து இரண்டு கை அள்ளிப் போட்டேன். கருவாடு காயும் மணல். நீ சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவே இல்லை. எங்கள் தெருவில் பிறந்தவளுக்கு மணல் என்றால் அது ஒன்றுதான். மூன்றாம் நாள் இலைகளின் ஓரம் தீய்ந்தது. நான்காம் நாள் நீ போய்விட்ட செய்தி வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்த நாட்களில் நான் மறந்தே போன என் குச்சி, யாரும் தொடாததால், துளிர்த்திருந்தது.

உன் நாற்பதாம் நாள் முடிந்ததும் உன் உம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். "அவ வெச்ச மரத்தைப் பாக்கணும்" என்றார். உயிரோடு இருந்த என் குச்சியை எடுத்து வந்தேன். ஒற்றை விரலால் அதன் இலையைத் தடவினார். "என் புள்ள வெச்சது புடிச்சிருச்சு" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒன்றும் அறியாத என் அம்மா, "ஆமாங்க, நல்லா புடிச்சிருச்சுங்க" என்று டீயை நீட்டினாள். நீயே வளர்த்துக்கொடு என்று சொல்லிவிட்டுப் போன உம்மா, மாதம் ஒருமுறை ஆட்டோவில் வந்து அதன் எதிரில் உட்கார்ந்திருப்பார். வீட்டுச் செய்திகளை அதனிடம் சொல்வார். உன் குரல் அவரிடமிருந்துதான் உனக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் உள்ளே போய் நின்றுகொள்வேன்.

சென்ற மாதம் புது வீடு முடிந்துவிட்டது. மரத்தை உன் அறை ஜன்னலில் வைக்க வேண்டும் என்று எடுத்துப்போக வந்தார். தட்டை அவர் இரண்டு கையாலும் தூக்கியபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"அது அவளுது இல்லைங்கம்மா. என்னுது. அவளுத நான் புடுங்கிப் பாத்துக் கொன்னுட்டேன்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த டின்னை எடுத்து வந்தேன். துருவேறியிருந்தாலும் சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. நடுவில் காய்ந்த குச்சி. மணலை அள்ளிப் போட்டதையும் சொன்னேன். உம்மா டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்.

"வேர் வந்திருந்துச்சா, அதச் சொல்லு."

"மூணு வந்திருந்துச்சும்மா."

"ஊசி போட வந்த புள்ளகிட்டச் சொன்னா, எனக்கு மூணு வேர் வந்துருக்குன்னு. காய்ச்சல்ல உளறுறான்னு நெனச்சேன்."

உம்மா மரத்தைக் கீழே வைத்துவிட்டு, டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். அம்மா வைத்த டீ அப்படியே ஆறிக் கிடந்தது. கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் நாள் அதே ஆட்டோக்காரர் டின்னைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். கழுவி, புது ஆற்று மணல் நிரப்பியிருந்தது. குச்சி இல்லை. உம்மா ஒன்றும் சொல்லி அனுப்பவில்லையா என்று கேட்டேன். டின்ன குடுத்துட்டு வா என்று மட்டும் சொன்னார்களாம். என் மரத்திலிருந்து கொழுந்தோடு ஒரு கிளையைச் சாய்வாக அறுத்து அதில் நட்டேன்.

நேற்று சாயங்காலம் போன் வந்தது. எடுத்ததும், "வேர் வந்துச்சா?"

அது உன் குரல். வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அது உம்மா என்று பிடிபட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"தெரியலைங்கம்மா. இன்னும் புடுங்கிப் பாக்கல."

உம்மா சொன்னார், "நோண்டாத."

இன்றோடு பத்தொன்பது நாள். ஒவ்வொரு காலையும் என் கை அந்தக் குச்சி வரைக்கும் போகிறது. தொடாமல் திரும்புகிறது.