உன் பேர்நாளுக்கு வாங்கின நூறு டோக்கன்

ரீகா, ஏப்ரல் 9

அன்பு மகள் சனிட்டாவுக்கு அப்பா எழுதிக்கிறது. நானும் அம்மாவும் ஏதோ நடமாடிக்கிட்டிருக்கோம், டப்ளின் மழையில நீ சளி இருமல் இல்லாம இருக்கியா. அம்மாவுக்கு முட்டி வலி குறையல, வாய்க்கு மட்டும் ஒரு வலியும் கிடையாது.

நம்ம கட்டடத்தை வச்சிருக்கிற கம்பெனி அதோட பங்கைப் பத்தாயிரம் டோக்கனா உடைச்சு, உலகத்துல யாரும் போன்லயே வாங்கலாம்னு வித்தது உனக்குத் தெரியும். தொண்ணூத்தி மூணுல அரசாங்கம் தன் சொத்தைப் பிரிச்சு ஜனங்களுக்குக் குடுத்த பங்குச் சீட்டையெல்லாம் ஒரு டிவிக்குத் தொலைச்சேன்னு அம்மா இன்னிக்கும் குத்திக் காட்டுறா, இந்தத் தடவையாவது ஏமாறக் கூடாதுன்னு சேமிப்பு மொத்தத்தையும் போட்டு முந்நூறு வாங்கினேன். வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கு நாமளும் சொந்தக்காரங்க, இனி எவன் வெளிய போகச் சொல்லுவான்னு ஒரு தெம்பு. போன மாசம் டோக்கனுக்கு ஒரு ஓட்டுன்னு போன்ல ஓட்டுக் கேட்டாங்க, எல்லாரையும் காலி பண்ணிட்டு சுற்றுலாக்காரங்களுக்கு ரூம் ஆக்கலாமா வேணாமான்னு. வேணாம்னு முந்நூறையும் போட்டேன். முக்காவாசிப் பேர் ஓட்டே போடல, எண்பது ஓட்டு வித்தியாசத்துல ஆக்கலாம்னு முடிஞ்சுபோச்சு. அன்னிக்கே போன்ல வாழ்த்து, உங்க டோக்கன் விலை நாப்பது சதவீதம் ஏறிடுச்சுன்னு. மறுநாள் தபால் பெட்டியில நோட்டீஸ், ஜூன் கடைசிக்குள்ள காலி பண்ணணும், இப்படிக்கு உரிமையாளர்கள்னு. தன்னைத் தானே வீட்டை விட்டு விரட்டின மொத ஆளு நீதான்யான்னு அம்மா சிரிச்சா, சிரிச்சுட்டு அழுதா.

வித்துட்டு வேற வீடு பார்க்கலாம்னா, ராப்பகலா எப்ப வேணும்னாலும் விக்கலாம்னு கம்பெனிக்காரன் சொன்னான் பாரு, விக்கலாம்தான், வாங்கத்தான் ஒருத்தனும் இல்ல. ஏறின விலையை வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். வசமா மாட்டிக்கிட்டேன் கண்ணு.

இன்னொண்ணு, போன்ல பேசினா அம்மா காதுல விழும், அதான் காகிதத்துல எழுதுறேன். காலண்டர்ல உன் பேர் வர்ற அந்தப் பேர்நாளுக்குப் பூவும் கேக்கும் குடுக்க முடியலையேன்னு, என் முந்நூறு போக உன் பேர்ல தனியா நூறு டோக்கன் வாங்கினேனே, ஞாபகமிருக்கா. யார் எப்படி ஓட்டுப் போட்டாங்கன்னு பட்டியல் எல்லாருக்கும் தெரியும், பேர் இருக்காது, நம்பர்தான். உன் நம்பரை எழுதி வச்சது நான்தானே. அது ஆக்கலாம்னு போட்டிருக்கு. பஸ்ல போற அவசரத்துல என்னன்னு பார்க்காம அமுக்கியிருப்ப, கோபம் இல்லம்மா, தோத்தது எண்பதுல, உன்னோடது நூறுன்னு கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். பதில்ல இதைப் பத்தி ஒரு வார்த்தை எழுதாத, தபாலைப் பிரிக்கிறது அம்மாதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, எங்க ஆசீர்வாதம் உனக்கு எப்பவும் உண்டு. இனி போன் எது கேட்டாலும் படிச்சுட்டு அமுக்கு. ஜூன் வரைக்கும் இதே விலாசம்தான்.

உன் அப்பா
அர்வீட்ஸ்