அந்தப் பெனால்டி

ஒன்பதாம் நம்பருக்கு,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வலது முட்டியில் பட்டையைக் கட்டிக்கொண்டேன். அது இல்லாமல் செங்கல்பட்டு ஆபீஸில் மாடி ஏற முடிவதில்லை.

நேற்று நம் குப்பத்துப் பையன்கள் வந்தார்கள். "யக்கா, பீச் கிரவுண்டுக்கு உன் பேரு வெச்சிக்கீறோம். ஞாயித்துக்கெயம ரிப்பன் வெட்ட வந்துடு." இந்தியாவுக்கு ஆடியவள் இங்கே நான் மட்டும்தானாம். நீயும் இந்தியாவுக்கு ஆடியவள்தான் என்று அவர்களிடம் சொன்னேன். "பெனால்டிய புடுங்கி அடிச்சி கோட்ட வுட்டுச்சே, அந்த அக்காவா?" என்று ஒருவன் சிரித்தான்.

அன்று அடிக்க வேண்டியவள் நான். முட்டி வீங்கியிருந்தது. கோச்சுக்குத் தெரிந்தால் டீமிலிருந்து எடுத்துவிடுவார் என்ற பயத்தில் பந்தை உன் கையில் திணித்தேன்.

"இன்னாடி, நீதான அடிக்கணும்?" என்றாய்.

"நீ அடிடி" என்றேன்.

பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. நீயாகப் பிடுங்கிக்கொண்டதாகக் கோச் கத்தியபோது நான் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். நீ என் முட்டியைப் பார்த்தாய். கோச்சிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு உன்னை டீமுக்குக் கூப்பிடவில்லை. நான் இன்னும் நான்கு வருஷம் ஆடினேன். விளையாட்டுக் கோட்டாவில் இந்த வேலையும் கிடைத்தது. நாம் பேசி இருபது வருஷம் ஆகிறது. நான்தான் பேசியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்னிடம் மைக்கைக் கொடுப்பார்கள். உனக்கு எழுதியதை அப்படியே அங்கே சொல்லிவிட்டு, பலகையில் என் பெயரை அழித்து உன் பெயரை எழுதச் சொல்லப்போகிறேன். வீட்டில்கூட இன்னும் யாருக்கும் தெரியாது.

பதினோராம் நம்பர்