கிணற்றிலேயே விடப்பட்ட ஆமையை மேலே தூக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற நூலகர்,
மருந்துக்கடை மாடி,
தபால் நிலையத் தெரு.

பெறுநர்:
நிகழ்ச்சி அதிகாரி அவர்கள்,
சிறுவர் பிரிவு,
தொலைக்காட்சி நிலையம்.

பொருள்: ‘புறப்படு படையே’ கார்ட்டூன் தொடரில் மீட்புப் பணி அரைகுறையாக நின்றது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதுவரை நான் யார் மீதும் புகார் எழுதியதில்லை. இது புகார்தானா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. பிழையிருந்தால் பொறுத்தருள்க.

1. மேற்படி தொடரை என் பேத்தியுடன் மாலைதோறும் பார்த்து வருகிறேன். கழுதைத் தலைவர், வாத்து, முள்ளம்பன்றி, ஆமை ஆகிய நால்வரும் ஆபத்தில் சிக்கியோரைக் காப்பாற்றுகிறார்கள். தொடர் மிக நன்றாக இருக்கிறது. கழுதை சைரன் போலக் கத்திக்கொண்டு ஓடும்போது நானும் சோபாவின் நுனிக்கு வந்துவிடுகிறேன்.

2. சென்ற திங்களன்று ஓர் ஆட்டுக்குட்டி பாழுங்கிணற்றில் விழுந்தது. ஆமை வாளியில் உட்கார்ந்து உள்ளே இறங்கியது. வழியில் சுவர் உரசி அதன் ஓட்டில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. வாளியில் ஒருவருக்கே இடம் என்பதால் குட்டியை ஏற்றி அனுப்பிவிட்டு, கீழே நின்று கையசைத்தது. குட்டி வந்து சேர்ந்தது. எல்லோரும் ஆடினார்கள். கழுதைத் தலைவர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நிகழ்ச்சி முடிந்தது.

3. “ஆமை எங்க?” என்றாள் பேத்தி. அவளுக்கு வயது ஐந்து. “வெளிய வந்திருக்கும்மா” என்றேன். “நீங்க பாத்தீங்களா தாத்தா?” என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை, ஐயா.

4. மறுநாள் ஆமை ஒன்றுமே நடவாதது போல் வந்து கேரட் தின்றது. “பாரு, வந்துடுச்சு. இப்பவாவது சாப்பிடேன்” என்றான் என் மகன். “இது வேற ஆமைப்பா. கீறலே இல்ல” என்றாள் அவள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையருகே போய்ப் பார்த்தேன். கீறல் இல்லை. என் பார்வையை நான் முழுதாக நம்புவதில்லை; ஆனால் மருமகளும் பார்த்துவிட்டு, “ஆமா மாமா, ஓடு பளபளன்னு இருக்கு” என்றாள். “வீட்டுல எல்லாருக்கும் கழண்டுபோச்சு” என்று மகன் எழுந்து போனான். போன வேகத்தில் திரும்பி வந்து, “இருந்தாலும் அந்தக் கழுத ஒரு தடவ எட்டிப் பாத்திருக்கலாம்” என்றான்.

5. அன்றுமுதல் தொலைக்காட்சியை அணைக்கப் பேத்தி விடுவதில்லை. இருட்டினால் ஆமை பயந்துகொள்ளுமாம். தன் விளையாட்டு வாளியை ரிப்பனில் கட்டித் திரைக்கு முன் தொங்கவிட்டிருக்கிறாள். செய்தி வாசிக்கும் அம்மையாரின் மூக்கு எந்நேரமும் அதற்குள்தான் இருக்கிறது. ஒழுகும் குழாயைப் பார்க்க வந்த பிளம்பர் விவரம் கேட்டார். கேட்டதும் குழாயை மறந்து, “ரிப்பன் தாங்காது பாப்பா, ஆமைன்னா கனம் இருக்கும்ல” என்று முடிச்சை இழுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். குழாய் இன்னும் ஒழுகுகிறது. வீடு முழுக்கச் சிரிப்பாக இருக்கிறது. அவள் மட்டும் காலையில் எழுந்ததும் வாளிக்குள் பார்க்கிறாள்; பிறகு என்னைப் பார்க்கிறாள். ஆமை வெளியே வந்திருக்கும் என்று நான் சொன்னது உண்மையா எனத் தங்களைக் கேட்டு எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

6. நூலகத்தைப் பூட்டுமுன் அலமாரிகளுக்கிடையே ஒரு சுற்று வந்து, “யாராவது இருக்கீங்களா?” என்று கேட்ட பிறகே விளக்கை அணைப்பது என் வழக்கம். படம் வரைவோரின் சிரமம் நான் அறியாதது. எனினும் குழந்தையின் கேள்வி நியாயமானதாகவே எனக்குப் படுகிறது.

ஆகவே, கழுதைத் தலைவரைக் கிணற்றுக்குத் திருப்பி அனுப்பி, கீறல் விழுந்த ஆமையை மேலே தூக்கும் காட்சியை, எவ்வளவு சிறியதாயினும், ஒளிபரப்ப ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன். இப்போதுள்ள ஆமையைத் தயவுசெய்து நீக்கிவிட வேண்டாம். அதுவும் படையிலேயே இருக்கட்டும் என்கிறாள் பேத்தி. வந்து ஒரு வாரம்கூட ஆகாத ஆமைக்கு வேலை போய்விடக் கூடாதாம்.

தங்கள் பதிலுக்காக வீட்டார் அனைவரும் காத்திருக்கிறோம்.

இடம்: வீடு
நாள்: சனிக்கிழமை

தங்கள் பணிவுள்ள,
(கையொப்பம்)
ஓய்வுபெற்ற நூலகர்

மனுவை ஆதரித்துக் கையொப்பமிடுவோர்:
மருமகள்
பிளம்பர்
மகன் (கழுதையைக் கண்டித்தும்)