இடக்கையில் நாடி

சிவமயம்

வடகரப்பதி

செல்வ மகள் சிவசங்கரிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். இச்சொல்லை இம்முறை மனமறிந்தே எழுதுகிறேன். தொலைபேசியில் பேசினால் பேச்சு பழக்கத்தால் என் நெஞ்சுவலியில்தான் போய் நிற்கும், ஆதலால் கடிதம்.

இங்கு மழை போதுமான அளவு பெய்தது. கடலை பூத்திருக்கிறது.

சென்ற மாதம் ஒருநாள் காலை ஜபத்தில் அமர்ந்திருந்தேன். வலக்கையில் உருத்திராக்க மாலை. இடக்கை விரல்கள் எப்போது கழுத்து நாடிக்குப் போயினவோ, அறியேன். பூவோடு வந்த உன் அம்மா நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, அந்தக் கையில சாமி, இந்தக் கையில நாடிங்களா? சாமி அப்பவே எந்திரிச்சுப் போயிருப்பாருங்க" என்றாள். முதலில் கோபம் வந்தது. பிறகுதான் உணர்ந்தேன்: ஐந்தெழுத்தை என் நாடித் துடிப்புக்கு ஏற்பவே ஓதிக்கொண்டிருந்திருக்கிறேன். ஈசன் திருமுன் அமர்ந்து என் இரத்த ஓட்டத்தை வழிபட்டிருக்கிறேன்.

மறுநாள், நெஞ்சுவலிக்கு நான் வழக்கமாகப் போகும் டாக்டர் ஜிஸ்மியிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வலி பொய்யில்ல அப்பா. பயம் வந்தா நெஞ்சு வேகமா அடிக்கும். தொட்டுத் தொட்டுப் பாத்தா பயம் பின்னயும் கூடும். டெஸ்ட் எடுத்தா ரெண்டு நாள் ஆறுதல், பின்ன வேற டெஸ்ட் வேணும்னு தோணும்" என்றார். இதயத்தில் குறையில்லை என்று அவர் முன்பும் சொன்னதுண்டு. வலி பொய்யில்லை என்று சொன்னது இதுவே முதல்முறை. அதிலேயே பாதிப் பாரம் இறங்கியது. இந்த அச்சத்துக்கென்றே உள்ள ஆலோசகரிடம் இப்போது வாரந்தோறும் செல்கிறேன்.

கை இன்னும் கழுத்துக்குப் போகத்தான் செய்கிறது. பல நாள் பாதி வழியில் தடுத்துவிடுகிறேன். சில நாள் முடிவதில்லை. ஜபத்துக்கு அமர்ந்ததும் உன் அம்மா என் இடக்கையில் பூக்கூடையைக் கொடுத்துவிடுகிறாள்.

சித்திரையில் நீ வந்திருந்தபோது பேரன் மாரீஸ்வரனை என்னிடம் நீட்டினாய். நெஞ்சு தாங்காது என்று கையை இழுத்துக்கொண்டேன். நீ குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாய். அவன் காதுகுத்துக்கு நீ இருக்கும் மூணாறுக்கு மலை ஏறி வர மாட்டேன் என்றும் சொல்லியிருந்தேன். அதை மறந்துவிடு. டாக்டர் தடை சொல்லவில்லை, இருவரும் வருகிறோம்.

ஒரே வேண்டுகோள். என்னைக் கண்டதும் உடம்பு எப்படி என்று கேட்காதே அம்மா. கேட்டால் பதில் சொல்லத் தொடங்கிவிடுவேன். சித்திரையில் நீட்டியது போலவே பிள்ளையை நீட்டு. இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஈசன் திருவருள் உன் இல்லத்தில் நிறைவதாக.

இங்ஙனம்,
அப்பா ஆறுமுகசாமி