தேயிலைக் காளானும் ஒரு நேர்த்தியும்

பெப்ரவரி 18, 1992

குருநகரை விட்டுப் பண்டத்தரிப்புக்கு வந்த பிறகு இன்றைக்குத்தான் ஒரு புதினம். வீட்டுக்காரி பத்மாசினி ரீச்சர் ஒரு ஜாம் போத்தல் தந்தா. உள்ளே வழுவழுவென்று, அப்பம் போல வட்டமாக ஒரு தோல். ருசியாவில் படித்த தம்பி கொண்டுவந்ததாம். பெயர் தேயிலைக் காளான். சீனி போட்ட தேத்தண்ணியில் மிதக்கவிட்டால் ஒரு கிழமையில் புளிக்கவைத்து, சோடா போலச் சுள்ளென்று ஆக்குமாம். பின்னேரங்களில் இவருக்குக் கொடுக்கச் சொன்னா.

அவவுக்கு எல்லாம் தெரியும். மகள் நெருப்புக்காய்ச்சலில் கிடந்தபோது, இனிக் கள்ளுத் தொடமாட்டேன் என்று இவர் அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் நேர்த்தி வைத்தார். பிள்ளை எழும்பிவிட்டாள். ஆனால் கடலுக்குப் போக வழியில்லாமல் வெங்காயத் தோட்டத்தில் கொத்திவிட்டு வருகிற மனுசன், பொழுதுபட்டால் கள்ளுத் தவறணைப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். நேர்த்தி முறிந்தால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ? எனக்குப் பயம்.

பெப்ரவரி 27

குடித்தார். முகத்தைச் சுளித்தார். இன்னொரு கிளாஸ் கேட்டார்!

மார்ச் 6

காளானுக்கு மேலே இன்னொரு தோல் படர்ந்திருக்கிறது. குட்டி போட்டிருக்கிறதா? காளானில் ஆண் பெண் உண்டா? ரீச்சரைக் கேட்டால் சிரிக்கிறா, அவவுக்கும் தெரியாது. குட்டியைப் பிரித்து வேறு போத்தலில் விட்டேன். அடுப்பை மறந்து போத்தலுக்கு முன்னால் நிற்கிறேன் என்று மகள் பகிடி பண்ணுகிறாள்.

மார்ச் 16

சீனி முடிந்தது. கடையில் இல்லை, இருந்தாலும் யானை விலை. பக்கத்து வளவில் பனை சீவுகிற ஆழ்வாப்பிள்ளை அண்ணையிடம் கருப்பநீர் வாங்கி, தேயிலைச் சாயத்தோடு ஊற்றினேன். இதுவும் இனிப்புத்தானே.

மார்ச் 23

புளிப்பே இல்லை. காளான் அடியில் போய்ப் படுத்துவிட்டது. இருந்து யோசித்தேன். கருப்பநீர் புளிக்காமல் இருக்கத்தானே பனையில் கட்டுகிற முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுகிறார்கள்! நான் புளிக்கவைக்கப் பார்க்கிறேன், சுண்ணாம்பு விடுமா? விசரி நான்.

மார்ச் 25

சுண்ணாம்பு பூசாத முட்டியில் இறங்கின சாறு கேட்டேன். ஆழ்வாப்பிள்ளை அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அது மத்தியானத்துக்குள் கள்ளாகும் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் காளான் முந்திக்கொண்டு இனிப்பையெல்லாம் தின்றுவிடும் என்பது என்ரை கணக்கு. காய்ச்சாமல், பச்சையாகவே குட்டிக் காளானின் போத்தலுக்குள் ஊற்றினேன்.

மார்ச் 27, வெள்ளி

நுரை போத்தல் கழுத்துவரை. என்ன சந்தோசம் எனக்கு! தபசுகால வெள்ளி, எனக்கு ஒருசந்தி விரதம். அதனால் ருசி பார்க்கவில்லை. கொத்திவிட்டுக் களைத்து வந்தவருக்குக் கிளாஸ் நிறையக் கொடுத்து, "புளிப்புத்தான், குடியுங்கோ" என்றேன்.

ஒரு வாய் எடுத்தார். முற்றத்தில் துப்பினார். கிளாசை மெல்ல வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மோந்து பார்த்தேன் — தனிக் கள்ளு. ஐயோ அந்தோனியாரே, என்ரை கையாலையெல்லோ குடுத்தனான்... எங்கை போயிருப்பார்? தவறணைக்கோ? மகள் இருந்து படிக்கிறாள். அவளின்ரை நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பாக்கிறன். சுடேல்லை.

மார்ச் 28

நேற்றுப் பொழுதுபட்டுத்தான் வந்தார். சில்லாலைக் கோயிலில் இருந்தாராம். ருசி பார்க்காமல் தந்துவிட்டேன் என்று அழுதேன்.

"விழுங்கேல்லையப்பா," என்றார். "ஆனா விழுங்க ஆசையாக் கிடந்தது. நிண்டிருந்தா முழுப் போத்தலையும் குடிச்சிருப்பன். அதுதான் ஓடினனான்."

இரண்டு பேருமாக இரண்டு போத்தலையும் வாழையடியில் கவிழ்த்தோம், தாய்க் காளான், குட்டிக் காளானோடு சேர்த்து.

ஏப்ரல் 3

வெறும் தேத்தண்ணி. இவர் காளான் கதை எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை.

மே 4

மருதனார்மடம் சந்தைக்குப் போனவர் ஒரு கடதாசிச் சரை சீனியோடு வந்தார். ரீச்சரிடம் இன்னும் காளான் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். நான் செருப்பும் போடாமல் ஓடினேன்.

மே 14

இன்றைக்குப் போத்தலை இவர்தான் திறந்தார். கிளாசில் ஊற்றி, குடிக்காமல், என்னிடம் நீட்டினார்.

"நீ பாத்துச் சொல்லு."

ஒரு வாய் எடுத்து, அவசரப்படாமல் நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளிப்பு. தேயிலைச் சாயம். வேறொன்றும் இல்லை. பிறகும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சரி என்று சொன்னேன்.

என்ரை முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கிளாசை வாங்கி மடமடவென்று குடித்தார்.